மஸ்டர் ரோலிலிருந்து சட்டம் வரை: இந்தியாவில் தகவல் அறியும் உரிமையின் வளர்ச்சி

முன்னுரை

தகவல் அறியும் உரிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து தொடங்குகின்றனர். 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே. மாத்யூ, பொது ஊழியர்களின் பொதுச் செயல் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று கூறினார். ஆனால், அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் 1923ஆம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டத்தின் கை ஓங்கியே இருந்தது. கோட்பாடாக நின்ற உரிமையைச் சட்டமாக்கியது, கூலிக்குக் கணக்குக் கேட்ட ராஜஸ்தான் தொழிலாளர்களின் போராட்டமே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூலியும் பதிவேடும்

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியைத் துறந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் 1987இல் ராஜஸ்தானின் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் குடியேறினார். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு உருவானது. பஞ்ச நிவாரணப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்காதவர்கள் காரணம் கேட்டால், அளந்தபோது வேலை குறைவாக இருந்தது என்றனர் அதிகாரிகள். அளவுப் பதிவேட்டைக் காட்டச் சொன்னாலோ, அது அரசு இரகசியம் என்று மறுத்தனர். கூலிப் பிரச்சினை ஆவணப் பிரச்சினையாக மாறியது இங்கேதான்.

1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோல்களின் (வேலையாட்களின் பெயரும் கூலியும் பதிந்த பட்டியல்களின்) நகலை ஊரார் முன்னிலையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பெயர் இருந்தவர்கள் எழுந்து, அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்றார்கள். தொடர்ந்து நடந்த விசாரணைகளில், இறந்தவர்கள் பெயரில் கூலி எடுத்ததும், கட்டி முடித்ததாகக் கணக்கெழுதிய கட்டடங்கள் அரைகுறையாக நின்றதும் அம்பலமாயின. தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்பிய பொய்யை எழுதப் படிக்கத் தெரியாத ஊரார் கேட்ட மாத்திரத்தில் பிடித்தார்கள். அந்த வேலை நடந்த இடத்தையும் பட்டியலில் எழுதியிருந்த ஆட்களையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பியாவரிலிருந்து டெல்லிக்கு

ஊராட்சிப் பதிவேடுகளின் நகல் தரப்படும் என்று 1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் அரசாணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்ற முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. மக்கள் தகவல் உரிமைக்கான தேசியப் பிரச்சாரக் குழு அதே ஆண்டில் அமைந்தது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகை மன்றமும் ஒரு சட்ட முன்வரைவைத் தந்தது.

1997இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அச்சட்டம் விதிவிலக்குகளின் நீண்ட பட்டியலால் வலுவிழந்தது. ராஜஸ்தானில் போராட்டம் முன்னே சென்றது, சட்டம் 2000இல் பின்னே வந்தது. நாடாளுமன்றம் இயற்றிய 2002ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை.

2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தப் போராட்டங்களின் பாடங்கள் இடம்பெற்றன. மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரத்தில். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம். அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், மக்கள் விசாரணையைச் 'சமூகத் தணிக்கை' என்ற பெயரில் கிராம சபையின் பொறுப்பாக்கியது.

பின்னடைவுகள்

அச்சட்டத்தின் 2019 திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் ஒப்படைத்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தகவலைத் தர மறுக்க இடமளிக்கும் விலக்கை விரிவாக்கியது. மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப் பட்டியல்தான். பெயர்களை மறைத்துவிட்டால் கோட் கிரானாவில் பொய்க் கணக்கு வெளிப்பட்டிருக்காது.

முடிவுரை

ஆவணம் கையில் கிடைப்பது உரிமையின் முதல் பாதி. அதை ஊரறிய வாசித்துச் சரிபார்ப்பது மறுபாதி. தமிழ்நாட்டின் 1997 சட்டத்துக்குப் பின்னால் அந்த மறுபாதி இல்லை. ராஜஸ்தான் அதிலிருந்தே தொடங்கியது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நம் ஊரிலும் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானத்தில் கையெழுத்திடும் முன், வரவு செலவுக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.