தேர்ச்சியும் ஊதியமும்: சென்னை மாகாணத் தேர்ச்சி மானிய முறையும் கல்வராயன் மலையடிவாரமும்

ஆய்வுச்சுருக்கம்

மாணவரின் தேர்ச்சியைக் கொண்டு ஆசிரியரின் வருவாயை அளக்கும் முறை தமிழகத்திற்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1868ஆம் ஆண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவிய தேர்ச்சி மானிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. பின்தங்கிய பகுதிகளுக்கு 1882ஆம் ஆண்டின் கல்விக்குழு இசைந்த விதிவிலக்கே அம்முறையின் அடிப்படைக் குறையைப் புலப்படுத்துகிறது என்பதைக் கச்சிராயபாளையம் பகுதியை முன்வைத்து நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தேர்ச்சி மானியம், திண்ணைப் பள்ளி, ஹண்டர் கல்விக்குழு, ஆசிரியர் ஊதியம், கல்வராயன் மலை.

முன்னுரை

கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, காலனிய ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டத்துக் கள்ளக்குறிச்சி வட்டத்தில் இருந்தது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் ஜாகீர்தாரர்களின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தனர். அடிவாரப் பள்ளியையும் மலைப்பள்ளியையும் நகரப்பள்ளியையும் ஒரே தேர்வால் அளந்து, அதற்கேற்ப ஆசிரியருக்கு ஊதியம் வழங்கலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மன்றோவின் நோக்கு

1822ஆம் ஆண்டு தாமஸ் மன்றோ சென்னை மாகாணப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றதை அது காட்டியது. 1826ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆசிரியரின் மாத வருவாய் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும், தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் மன்றோ எழுதினார். தாசில் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாயும் மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் அரசு வழங்கப் பரிந்துரைத்தார். நல்ல கல்விக்கு ஊதியம் முன்நிபந்தனை என்பதே அவர்தம் நிலைப்பாடு.

தேர்ச்சி மானியத்தின் வருகை

1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டக்கோவை இதற்கு நேர்மாறான நோக்குடையது. தேர்வுக்கு வரும் ஒரு குழந்தைக்கு 8 ஷில்லிங் என மதிப்பிட்டு, படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தோற்ற ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்பட்டது. மூன்றிலும் தோற்றால் எதுவும் மிஞ்சாது. பள்ளி ஆய்வாளராயிருந்த மேத்யூ அர்னால்டு, கற்பித்தலை இம்முறை இயந்திரத்தன்மை உடையதாக்கியது எனக் கண்டித்தார்.

சென்னை மாகாணத்தில் 1868ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளிகளுக்கு இம்முறை விரிந்தது. திண்ணைப் பள்ளியில் ஆசிரியரே பள்ளியின் உரிமையாளராகவும் இருந்தமையால், மானியம் என்பது நடைமுறையில் அவரது ஊதியமே. அதுவரை அவர் பெற்றோர் தரும் நெல்லையும் பணத்தையும் நம்பி வாழ்ந்தவர். எண்சுவடியும் நிகண்டும் மனனம் செய்வித்த அவர், இப்போது ஆய்வாளர் கேட்கும் பாடங்களுக்கு மாணவரை ஆயத்தப்படுத்த வேண்டியவரானார். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வராவிடினும், நோயால் தேர்வில் தவறினாலும் இழப்பு ஆசிரியரைச் சேர்ந்தது. வறுமையின் விளைவுகளுக்கு ஆசிரியரே பிணையாளியானார் எனலாம்.

விதிவிலக்கு உணர்த்துவது

ஹண்டர் தலைமையில் 1882இல் அமைந்த கல்விக்குழு, தொடக்கப்பள்ளி உதவி பெருமளவு தேர்வு முடிவுகளைப் பொறுத்தே அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும், பின்தங்கிய மாவட்டங்களில் அல்லது தனிச்சூழலில் உள்ள பள்ளிகளுக்குச் சிறப்பு விதிகளின்படி உதவலாம் என்றும் கூறியது. இவ்விதிவிலக்கு கருதத்தக்கது. தேர்ச்சி ஆசிரியரின் உழைப்பை மட்டும் அளக்குமாயின் இடத்திற்கேற்ற விதிவிலக்குத் தேவையில்லை. அது தேவைப்பட்டது என்பதனாலேயே, தேர்ச்சி என்னும் அளவுகோலில் ஊரின் நிலையும் கலந்திருந்தது என்பதைக் குழுவினர் ஒப்புக்கொண்டதாகிறது. கல்வராயன் மலை போன்ற பகுதிகளுக்கும் சமவெளி நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு இதனைத் தெளிவாக்கும். 1904ஆம் ஆண்டுக் கர்சன் கல்விக்கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிட வலியுறுத்தியது. சென்னை மாகாணமும் பின்னர் அதனை விட்டது.

அண்மைக்காலச் சோதனை

எதிர்ச்சான்றையும் நோக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு முதல் ஆந்திர ஊரக அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்திய ஆய்வில், ஊக்கத்தொகை பெற்ற பள்ளி மாணவர் ஈராண்டில் கணிதத்தில் 0.27, மொழியில் 0.17 திட்டவிலக்க அளவு முன்னேறினர். ஊக்கத்தொகையுடன் இணைக்கப்படாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆயினும் இங்கு அளக்கப்பட்டது மாணவர் அடைந்த முன்னேற்றமேயன்றி அவர்கள் எட்டிய மதிப்பெண் அன்று. ஊதியம் உறுதியாயிருக்க, அதன்மேல் ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே சராசரி ஊக்கத்தொகையாக அமைந்தது. திண்ணை ஆசிரியருக்கு இவ்விரு காப்புகளும் இல்லை.

முடிவுரை

ஒரே பெயரில் வழங்கும் இரு முறைகள் உள்ளன. ஒன்று, உறுதியான ஊதியத்தின்மேல் முன்னேற்றத்திற்குத் தரும் பாராட்டு. மற்றொன்று, ஊதியத்தையே தேர்ச்சியில் பணயமாக வைப்பது. 1868ஆம் ஆண்டின் முறை இரண்டாம் வகையினது. முதல் வகையை ஆதரிக்கும் சான்றுகளைக் கொண்டு இரண்டாவதை நியாயப்படுத்துதல் பொருந்தாது. பிழைப்புக்காகக் குடும்பங்கள் வெளியூர் பெயரும் கல்வராயன் மலைப்பகுதியில், பாதி ஆண்டில் வகுப்பை விட்டு நீங்கும் மாணவரின் தேர்ச்சி எந்த ஆசிரியரின் கணக்கில் சேரும் என்ற வினாவிற்கு விடை கூறாத எத்திட்டமும், நல்லாசிரியர் அம்மலைக்குச் செல்லத் தயங்குவதற்கே வழிவகுக்கும். மன்றோ 1826இல் சுட்டிய முன்நிபந்தனை இன்றும் நிறைவேற்றப்பட வேண்டியதாகவே உள்ளது.