பாளையம் இறங்கியவர்கள்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையம் வரும். அதைத் தாண்டினால் பெரியநாயக்கன்பாளையம். உள்ளூர்க்காரர்கள் பி.என்.பாளையம் என்று சுருக்கிவிடுவார்கள். ஈரோட்டுப் பக்கம் கருங்கல்பாளையம், காவிரிக்கு அக்கரையில் பள்ளிபாளையம். கொங்குநாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். இவ்வளவு சாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல்லுக்குப் படை வந்து தங்கும் இடம் என்று பொருள்.

சங்கப் புலவர்கள் இதைச் சொல்லப் பாசறை, பாடி, கட்டூர் ஆகிய சொற்களை ஆண்டார்கள். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாடி காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி இட்டு அமைத்தது. தழை வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. சந்தியில் காவல் யானை நிற்கிறது. நாழிகை பார்க்க நீர்க்கன்னல் இருக்கிறது. பார்த்தால் ஓர் ஊர்தான். ஆனால் போர் முடிந்து அரசன் தேரேறிவிட்டால் அங்கே யாருக்கும் வேலையில்லை.

பாளையம் அப்படிக் கலையவில்லை. தெலுங்கில் பாளெம், கன்னடத்தில் பாள்யா என்று உறவுக்காரர்களை வைத்திருக்கும் இச்சொல், விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான் தமிழ்நாட்டு மண்ணில் ஊன்றிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணைவிட ஏற்பாடுதான் முக்கியம். பாளையக்காரர் தம் நிலத்தில் வரி தண்டலாம். அதில் ஒரு பங்கை மதுரைக்குக் கட்டவேண்டும், கேட்டபோது படையோடு வரவேண்டும். சம்பளத்துக்குப் பதில் நிலம் என்றானபின் எவன் கூடாரத்தைச் சுருட்டுவான்? கிணறு வெட்டினார்கள், குலதெய்வத்துக்குக் கோயில் எடுத்தார்கள். தங்குமிடத்தின் பெயர் ஆட்சிப்பகுதிக்கும் ஆகி, ஊருக்கும் ஆகிவிட்டது.

வெள்ளைக்காரன் வாயில் பாளையக்காரர் 'பாலிகர்' ஆனார். 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும், 1801இல் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டதில் முடிந்த சண்டைகள் ஆங்கிலேயர் ஏடுகளில் பாலிகர் போர்கள். அப்புறம் எஞ்சியவர்கள் ஜமீன்தார் ஆனார்கள். பாலிகர் என்ற பெயர் ஒரு வேட்டைநாய்க்கும் ஒட்டிக்கொண்டது. நாம் ராஜபாளையம் நாய் என்கிறோம். எப்படிச் சொன்னாலும் அந்த நாயின் பெயரில் ஒரு படைமுகாம் படுத்திருக்கிறது.

பழைய பொருளை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் வேதாகமத்தைத் திறக்கலாம். சீனாய் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஓரிடம் விட்டு ஓரிடம் போய்ப் 'பாளயமிறங்குகிறார்கள்'. வினைச்சொல்லாகவே வருகிறது. ஞாயிறுதோறும் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாளயம் என்றால் இன்றும் கூடார வரிசைதான். திருவனந்தபுரத்துப் பாளயமும் அப்படியே: திருவிதாங்கூர்ப் பட்டாளம் தங்கிய இடம், அருகருகே மசூதி, தேவாலயம், கணபதி கோயில்.

பாளையம் ஊராகிப் போனதால் காலியான இடத்துக்கு வந்தது முகாம். அரபில் நிற்றல், நிலைகொள்ளுதல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்து, பாரசீகம் வழியாக நம் கச்சேரிகளுக்குள் நுழைந்தது. கலெக்டர் முகாம் போட்டார், ஜமாபந்தி முகாம், கண் சிகிச்சை முகாம் என்று அரசு இயந்திரத்தின் செல்லச் சொல்லாகிவிட்டது. டேராவும் வந்தது, ஆனால் அது அழையா விருந்தாளியோடு சேர்ந்து மரியாதை கெட்டுவிட்டது.

முகாம் ஊராகுமா? ராமேசுவரம் போகும் ரயில் பாதையில் மண்டபம் முகாம் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களும், 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கேயே வந்து இறங்கினார்கள். முகாம்களிலேயே பிறந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். பாளையக்காரனுக்குக் கிடைத்த நிலம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. மனிதருக்கு இட்ட பெயர் மாறியது. இடத்துக்கு இட்ட பெயர் அப்படியே இருக்கிறது.