எந்த ரூபாயில் நாலாயிரம்?

அணுசக்தி நகரில் எங்கள் கிளைக்கு வரும் தமிழர்களில் கூடலூர்க்காரர் ஒருவர் உண்டு. தாத்தா காலத்தில் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். போன மாதம் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே, "சார், ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல குடும்பத்துக்கு நாலாயிரம் ரூபா கொண்டு வரலாம்னு போட்டிருந்ததாமே. அது நம்ம ரூபாயா, அவங்க ரூபாயா?" என்று கேட்டார். எஃப்.டி. வட்டி எவ்வளவு என்ற கேள்வியையே கேட்டுக் கேட்டுச் சலித்த காதுக்கு இது புதுசு. அன்று ராத்திரி பேப்பர், பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30ல். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கே அர்த்தம் கிடையாது. ஏனென்றால் இரண்டு ரூபாயும் ஒன்றுதான்! இன்று நம் ஒரு ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

1872ல் இந்திய வெள்ளி ரூபாயையே இலங்கை தன் பணமாக எடுத்துக்கொண்டது. ஒரு வித்தியாசம், அவர்கள் அப்போதே ரூபாயை 100 சதமாகப் பிரித்துவிட்டார்கள். நாம் அணா, பைசா என்று 1957 வரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். தலைமன்னார் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களுக்கு ஹட்டனில் வாங்கிய கூலியும் திருச்சியில் செலவழித்த பணமும் ஒரே மதிப்பு. 1949 செப்டம்பரில் பவுண்டு மதிப்பிறங்கியபோது இந்தியாவும் இலங்கையும் சேர்ந்தே இறங்கின. டாலர் 3.31லிருந்து 4.76 ஆனது. (பாகிஸ்தான் மட்டும் இறக்க மாட்டேன் என்று நின்றது. இங்கே செம்பூர் கேம்ப்பில் வந்து குடியேறிய சிந்திக்காரர்கள் விட்டுவந்த நாட்டின் 100 ரூபாய்க்கு நம் ரூபாய் 144 தர வேண்டிவந்தது. அது 1955 வரை நீடித்தது. அது தனிக்கதை.) 1950ல் இலங்கை மத்திய வங்கி வந்து தனி வழி போன பிறகும் டாலருக்கு 4.76 என்பது இரண்டு பக்கமும் மாறவில்லை.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பதினைந்து வருஷத்தில் முடிக்க வேண்டும். போகிறவர்கள் பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி உட்படத் தங்கள் சொத்தை எடுத்துப்போகலாம், ஆனால் அந்தந்த நேரத்து அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. ஒரு குடும்பம் எடுத்துப்போகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இலங்கை அரசு குறைக்கக் கூடாது. பணம் அங்கே சேர்த்தது, வரம்பு அவர்கள் போட்டது. ஆக அது இலங்கை ரூபாய்.

கையெழுத்துப் போட்ட சாஸ்திரி 1966 ஜனவரியில் காலமானார். அதே வருஷம் ஜூன் 6ல் இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76லிருந்து ஒரே ராத்திரியில் 7.50. இலங்கை அசையவில்லை. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒட்டியிருந்த இரண்டு ரூபாயும் அன்று பிரிந்தன. இலங்கை ஒரு ரூபாய்க்கு நம் ரூபாய் 1.57 ஆனது. நாலாயிரம் இப்போது நம் பணத்தில் 6,300! தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு மனை வாங்கலாம் என்று கனவு கண்டவருக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கனவு காணலாம்.

ஆனால் அந்தப் பதினேழு மாதத்தில் யார் வந்தார்கள்? ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே இலங்கையில் 1967ல்தான் நிறைவேறியது. ஜனங்கள் பெருவாரியாகக் கப்பலேறியது 1968க்குப் பிறகு. அதற்குள் 1967 நவம்பரில் பவுண்டு மறுபடி விழுந்தது. இந்த முறை இந்தியா இறங்கவில்லை, இலங்கை 20 சதவீதம் இறங்கியது. டாலர் அங்கே 5.95. நாலாயிரம் 5,040 ஆகச் சுருங்கியது. 1968 மே முதல் இலங்கையில் ஒரே டாலருக்கு இரண்டு விலை. அத்தியாவசிய இறக்குமதிக்கு ஒன்று, மற்றதற்கு அதிகமாக இன்னொன்று. இப்படி இரண்டு விலை வைத்தாலே உண்மையான மதிப்பு கீழே இருக்கிறது என்றுதான் எங்கள் தொழிலில் அர்த்தம்.

உடைந்தது 1977 நவம்பரில். ஜெயவர்தனா அரசு, நிதி மந்திரி ரோனி டி மெல். இரண்டு விலையையும் ஒன்றாக்கி ரூபாயை மிதக்கவிட்டார்கள். டாலர் 16 ரூபாய். அப்போது நம்மிடம் டாலர் ஒன்பது ரூபாய்க்கும் குறைவு. நாலாயிரத்தை வகுத்தால் 250 டாலர், நம் பணத்தில் 2,200க்குள்ளேதான். 1966 கணக்கோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு நடுவில் இந்தியாவில் ஏறிய விலைவாசியை நான் சேர்க்கவே இல்லை.

இலங்கை விதியை மீறியது என்று சொல்ல முடியாது. 4,000 என்ற எண்ணை யாரும் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு சாதாரண ஏற்றுமதி ஒப்பந்தத்தில்கூட எந்தத் தேதி விகிதம் என்று ஒரு வரி இருக்கும். அஞ்சேகால் லட்சம் பேரின் வாழ்நாள் சேமிப்புக்கு அந்த ஒரு வரி போட யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இத்தனைக்கும் அந்த ஜனங்களை உட்காரவைத்து யாரும் கேட்கவும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எப்போது எழுதிப்போட்டிருந்தாலும் சரி, கப்பல் டிக்கெட் எந்த வருஷம் கிடைத்தது என்பதைப் பொறுத்தே சேமிப்பின் மதிப்பு.

இவர்களுக்காகவும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகவும்தான் 1969ல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களும் இவர்களுக்கு வேலை கொடுக்க வந்தவையே.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அப்படி வந்தவர்களா? பழைய பெட்டியில் பி.எஃப். ரசீதோ பேங்க் டிராஃப்ட் நகலோ இருந்தால் வந்த தேதியையும் தொகையையும் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.