6/6 பார்வையும் அடங்காத எரிச்சலும்

பெங்களூரு மின்டோ கண் மருத்துவமனை 1896-இல் தொடங்கியது. சாமராஜ்பேட்டையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு அது 1913-இல் குடிவந்தது. அங்கே வரிசையில் நின்றவர்கள் கண்புரையால் பார்வை மங்கியவர்கள், வேலையில் கண்ணில் அடிபட்டவர்கள், புண் வந்து கருவிழி வெளுத்தவர்கள். போன பார்வையில் கொஞ்சமாவது திரும்பாதா என்று வந்தவர்கள். நூறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் வேறொரு வகை ஆள் கண் அறுவைக்கு வந்தார். வயது இருபத்தைந்து இருக்கும், கண்ணில் நோய் எதுவும் இல்லை, கண்ணாடி போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்தக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நோயில்லாத கண்ணைத் தொடும் மருத்துவம் என்பதால், இதன் பின்விளைவுகளை மற்ற எந்த அறுவையையும்விடக் கறாராகக் கணக்கெடுத்திருக்க வேண்டும். நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றும் இந்த லேசர் அறுவையின் கதைத் தொடக்கத்தில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை அவர் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். அதன்மேல் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சியபோது, வெட்டு விழுந்த இடம் கருகவே இல்லை. அந்தப் புறஊதாக் கதிர் சதையைச் சூடேற்றி எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுகிறது. ஜேம்ஸ் வின், சாமுவேல் புளம் ஆகிய இருவரும் இந்த வேலையில் அவருடைய கூட்டாளிகள். 1983-இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து, மாட்டுக் கண்களின் கருவிழியை இதே லேசரால் செதுக்கிக் காட்டினார் ஸ்ரீனிவாசன். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஸ்ரீனிவாசன், வின், புளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அதிபர் ஒபாமா அணிவித்தார்.

மனிதரின் பார்வைக் குறையைச் சரிசெய்ய, முதலில் கருவிழியின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர் அடித்தார்கள். புண் ஆறும்வரை நோயாளிக்கு உயிர் போகிற வலி. 1990-ஐ ஒட்டி கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் அயோனிஸ் பல்லிகாரிஸ் ஒரு மாற்று வழி கண்டார். அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடிபோல் அறுத்துத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படுக்கவைப்பது. அதுதான் லேசிக். மறுநாளே பார்வை தெளிந்தது, வலியும் பெரிதாக இல்லை. உலகம் முழுக்க அது பரவ இந்த இரண்டும் போதுமானதாக இருந்தன.

அந்த மூடியோடு அறுபட்டவை நரம்புகள். உடம்பிலேயே மிக அடர்த்தியாக நரம்பு ஓடும் இடங்களில் கருவிழியும் ஒன்று. கண்ணில் தூசி விழுந்தால் சொல்வதும், கண்ணீர் சுரக்கச் சொல்வதும், இமைக்கச் சொல்வதும் அந்த நரம்புகள்தான். அறுபட்டவை மீண்டும் முளைக்க மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை கண் காயும். பெரும்பாலோருக்கு இது சொட்டு மருந்தோடு தணிந்துவிடுகிறது. அறுவை செய்தவர்களில் மிகப் பெரும்பகுதியினர் நிறைவோடு இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு நரம்பு கோணலாக முளைக்கிறது, அல்லது காயம் ஆறிய பிறகும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காற்று பட்டால் எரிகிறது, வெளிச்சம் குத்துகிறது, மணல் விழுந்ததுபோல் நாள் முழுக்க உறுத்துகிறது.

இவர்கள் மருத்துவரிடம் திரும்பிப் போகும்போதுதான் கொடுமை தொடங்குகிறது. சுவரிலுள்ள எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்துவிடுகிறார்கள், ஆகவே பார்வை 6/6. ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால் கருவிழி சுத்தமாக இருக்கிறது. ‘கண் நல்லா இருக்கு, மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பாஸ்டன் கண் மருத்துவர் பெரி ரோசென்தால் 2009-இல் சக மருத்துவர்களோடு எழுதிய கட்டுரை இந்த நோயாளிகளைப் பற்றியதே: சாயம் விட்டுப் பார்த்தாலும் புண் தெரியாத கருவிழியில் வலி இருப்பது உண்மையா என்று அது கேட்டது. உணர்விழக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்ட பிறகும் வலி அடங்கவில்லை என்றால், கோளாறு கண்ணின் மேற்பரப்பைத் தாண்டி மூளைக்குப் போகும் வழியில் இருக்கக்கூடும் என்பது இன்று ஏற்கப்பட்ட பாடம். உலர்கண் நோயின் சர்வதேச வரையறையில் நரம்புணர்வுக் கோளாறு 2017-இல்தான் இடம்பிடித்தது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேசிக் நோயாளிகளின் முறையீட்டை 2008 ஏப்ரலில் பொது விசாரணையில் கேட்டது. பிறகு நடந்த ஆய்வில், முன்பு உலர்வே இல்லாதவர்களில் 30 விழுக்காடு வரை மூன்றாம் மாதத்தில் கண் காய்வதாகச் சொன்னார்கள். 2022-இல் அதே அமைப்பு வெளியிட்ட வரைவு நெறிமுறை, தீராத வலிக்கும் வாய்ப்புண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்றது.

பெங்களூரு இந்த வரலாற்றில் நுழைவது ஆய்வகத்தின் வழியாக. புஜங்க ஷெட்டி 1982-இல் தொடங்கிய நாராயணா நேத்ராலயாவில், ரோகித் ஷெட்டியும் அர்க்கசுப்ர கோஷும் அடங்கிய குழு உலர்கண்ணை மூலக்கூறு அளவில் ஆராயத் தொடங்கியது. கண்ணீரை அளக்க இமையோரம் வைக்கும் காகிதப் பட்டையில் ஊறிய கண்ணீரையே எடுத்து, வலியோடும் அழற்சியோடும் தொடர்புள்ள புரதங்களைத் தேடினார்கள். கான்ஃபோகல் நுண்நோக்கியில் கருவிழி நரம்புகளைப் படம்பிடித்தார்கள். 2016-இல் வந்த அவர்களுடைய கட்டுரை, உலர்கண் உள்ளவர்களின் கருவிழியில் கூடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் அவர்கள் சொன்ன வேதனைக்கும் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அது லேசிக் நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் ஸ்லிட் லாம்ப் காட்டாத ஒன்றுக்கு உடலில் தடயம் உண்டு என்று நிறுவியதே, நம்பப்படாத நோயாளிக்குப் பெரிய துணை.

தொழில்நுட்பமும் மாறிவருகிறது. ஸ்மைல் என்னும் முறையில் மூடியே இல்லை, கருவிழிக்குள் லேசரால் வெட்டிய வில்லை வடிவத் துண்டை இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். அறுபடும் நரம்பு குறைவு, முதல் மாதங்களில் உலர்வும் குறைவு. வலியே வராது என்று அதற்கும் உறுதி சொல்ல முடியாது.

ஏ.சி. அறையில் நாளெல்லாம் திரையைப் பார்த்து, இமைக்க மறந்து வேலை செய்பவர்கள் நிறைந்த ஊர் பெங்களூரு. அங்கே கண்ணாடியைக் கழற்ற வருபவரின் கண் முன்பே காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காகிதப் பட்டைச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒற்றைத் தலைவலி உண்டா, உடம்பில் வேறெங்காவது தீராத வலி உண்டா என்று கேட்க அதைவிடக் குறைந்த நேரம் ஆகும். அமெரிக்க வரைவில் உள்ளதுபோன்ற எச்சரிக்கைப் பட்டியல் கன்னடத்திலும் தமிழிலும் அச்சாகி, முன்பணம் கட்டுவதற்கு முன்பே நோயாளியின் கைக்கு வர வேண்டும்.