வெங்காயம் ஒரு மேசையில், மீன் இன்னொரு மேசையில்

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டதும் யாழ்ப்பாணத்துக் கோப்பாய், உரும்பிராய்த் தோட்டக்காரர்கள் பெரும்பாடு பட்டார்கள். சிறீமாவோ காலத்து இறக்குமதித் தடையில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கண்ட விலை அதன் பிறகு திரும்பவில்லை.

21 ஆண்டுகள் கழித்து, 1998 டிசம்பர் 28இல், புதுடில்லியில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகாவும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதில் பொருட்கள் மட்டுந்தான். சேவைத் துறையும் முதலீடும் இல்லை. பொருட்களிலும் அவரவர் அஞ்சியதை அவரவர் ஒதுக்கிக்கொண்டார்கள். வரிச்சலுகை கிடையாதென்று இலங்கை ஒதுக்கியவை 1,180. அவற்றில் விவசாயப் பொருட்கள் பல. இந்தியாவோ தேயிலையை ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்றும், ஆடைகளை 80 லட்சம் உருப்படி என்றும் மட்டுப்படுத்தியது. அரைகுறை ஒப்பந்தம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ, அந்த அரைகுறைதான் அதைக் கரைசேர்த்தது என்று படுகிறது.

2000 மார்ச் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ஆனையிறவு புலிகள் வசமானது. கண்டி வீதி அடைபட்டுக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு டில்லி இருக்கட்டும், கொழும்புச் சந்தையே எட்டாத தூரம்.

பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுவோம் என்று ‘சீபா’ (முழுமையான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்படிக்கை) வந்தது. 2008 சார்க் மாநாட்டில் கையெழுத்தாக இருந்தது; கொழும்பு வர்த்தகர் சிலரின் எதிர்ப்பில் நின்றுபோனது. 2016இல் ‘எட்கா’ (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை). இம்முறை வைத்தியர்களும் கணினித் துறையினரும் எதிர்த்தார்கள்.

இந்த இழுபறிக்குள் வெங்காய விலையைத் தொட்டது வேறொன்று: 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறக்குமதிக்கு விதிக்கும் விசேட பண்ட வரி. ஒரு வர்த்தமானி போதும், வரி ஏறும், இறங்கும். அறுவடை நேரத்தில் இறங்கினால் தோட்டக்காரர் கதி என்ன?

இரு நாட்டு மீனவரும் மோதும் கடலோ எந்த வர்த்தக மேசைக்கும் வரவேயில்லை. 1974, 1976 எல்லை ஒப்பந்தங்கள் தனி. எட்கா பேச்சு நடந்த அதே 2016இன் நவம்பரில் மீன்பிடிக்கென்று தனியே ஒரு கூட்டுச் செயற்குழுவை அமைத்தார்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும் என்ற கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பருத்தித்துறைக் கரையிலிருந்து பார்த்தால், பாக்கு நீரிணையை விட்டுவிட்ட ‘முழுமை’யும் அரைகுறைதான். அந்தக் கடலை வாரும் இழுவைமடிக்கு இலங்கையில் தடை வந்தது 2017 ஜூலையில். அதுவும் அப்போதைய யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தால்.