பஞ்சப் படங்களில் பெயரின்றி நிற்போர்

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியோர் வாய்மொழியாகக் கேட்டறியாத குடும்பம் நம் வட்டாரத்தில் அரிது. தாது என்பது 1876 ஏப்ரலில் பிறந்த தமிழாண்டு. அவ்வாண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்திற்கு, அகரமும் திண்டுக்கல்லும் அடங்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டமும் தப்பவில்லை. மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர்தம் கணிப்பாகும். மழை பொய்த்தது உண்மையே. ஆயினும் 1875ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. தானியம் ஏற்றிவர வண்டி இருந்தது. அதை வாங்கக் கூலிக்காரன் மடியில்தான் காசில்லை. நிலமற்ற நம் மக்களே முதலில் வீழ்ந்தனர். எஞ்சியோருள் பலர் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தனர்.

நம் நாட்டில் புகைப்படக் கருவியால் விரிவாகப் பதிவு செய்யப்பெற்ற முதற் பஞ்சங்களுள் இதுவும் ஒன்று. அப்படங்களில் பெயர் பெற்றவை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்பவர் எடுத்தவை. அவர் சென்னைக் குதிரைப்படையின் அதிகாரி. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலுக்கும் படம் எடுத்து உதவியவர். சாதிவாரியாகவும் குலவாரியாகவும் மனிதரை வகைப்படுத்திக் காட்டிய நூல் அது. பஞ்சத்திலும் அதே கண்கொண்டுதான் அவர் பார்த்தார் என்பது நம் கருத்து.

படங்களை உற்று நோக்குங்கள். எலும்பும் தோலுமான தாய், தந்தை, பிள்ளைகள். சிலர் அமர்ந்திருக்கின்றனர், சிலர் தரையில் சாய்ந்திருக்கின்றனர். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அந்த ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எடுக்கும் சில விநாடிகளும் எதிரிலுள்ளோர் அசையலாகாது. எனவே இவை போகிற போக்கில் கண்ட காட்சிகள் அல்ல. ஆட்களை வரிசைப்படுத்தி, இருத்திவைத்து எடுத்தவை. பசியால் தலை நில்லாத குழந்தையும் படத்திற்காக அசையாதிருக்க வேண்டியிருந்தது! இத்தனை ஏற்பாடு செய்தவர் அம்மக்களின் பெயரையும் ஊரையும் பதிந்து வைக்கவில்லை. அவர்களுள் யார் நம் முப்பாட்டன், யார் நம் முப்பாட்டி என்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

அதே 1877ஆம் ஆண்டில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதுமென்று விதித்தார். பெண்ணுக்கும் சிறாருக்கும் அதனினும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ், இது உயிர்காக்கப் போதாதென்று விடாது வாதாடினார். பிறகே அளவு ஓரளவு உயர்ந்தது. வெள்ளையருள்ளும் நமக்காக வாதிட்ட ஒருவர் இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பஞ்சப் படங்களால் பயனே இல்லையா? உண்டு. அந்நாளில் பத்திரிகைகளால் புகைப்படத்தை அப்படியே அச்சிட இயலாது. படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கிய சித்திரங்களே வெளிவரும். அத்தகைய சித்திரங்களையும் செய்திகளையும் கண்டு இங்கிலாந்து மக்கள் இரங்கினர். 1877இல் இலண்டன் மேயர் திறந்த நிதிக்குப் பெரும்பணம் சேர்ந்தது. அதனால் உயிர் பிழைத்தோர் பலர். ஆனால் பிழைத்தவருக்குக் குழி நிலமும் கிடைக்கவில்லை. நிலத்திற்கு வழி பிறந்தது செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையாலும், 1892இல் அதன் வழிவந்த அரசாணையாலுந்தான். அதுவே பஞ்சமி நிலம். அவ்வறிக்கை நம் மக்களின் கூலி, குடியிருப்பு, அடிமைநிலை ஆகியவற்றை விவரமாக எடுத்துரைத்தது.

ஹூப்பரின் பிற்கதையையும் சொல்லிவிடுகிறோம். 1886இல் பர்மாவின் மாந்தளையில், சுட்டுக் கொல்லப்படவிருந்த கைதிகளைப் படமெடுப்பதற்காகச் சுடும் நேரத்தைத் தாமதப்படுத்தினார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்து, அவர் கண்டிக்கப்பட்டார்.

நல்லெண்ணத்தோடு எடுத்தால் இக்குறை நேராதா? அமெரிக்காவில் 1936இல் டோரதியா லாங் என்ற அம்மையார், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாயைப் படமெடுத்தார். உலகப் புகழ்பெற்ற படம் அது. அது வெளியானதும் 20,000 பவுண்டு உணவுப்பொருள் அம்முகாமுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாயின் குடும்பம் வேறிடம் பெயர்ந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டுக் குறிக்கவும் இல்லை. புளோரன்ஸ் தாம்சன் என்னும் அப்பெயரும், அவர் செரோக்கி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தன. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் வருந்திச் சொன்னார்.

1942இல் வாஷிங்டனில் கருப்பினத்தவரான கார்டன் பார்க்ஸ், எல்லா வாட்சன் என்னும் கருப்பினத் துப்புரவுப் பணிப்பெண்ணைத் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்திப் படமெடுத்தார். அதனோடு விட்டாரில்லை. அவர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் உடன் சென்று, பேரப்பிள்ளைகளோடு அவர் வாழும் வாழ்வையும் பதிவு செய்தார். நம் பக்கத்து மதுரையிலும் இப்பணி நடந்து வருகிறது. மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார், மலக்குழியில் மாண்ட தொழிலாளரின் குடும்பங்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். 2017இல் சென்னையில் கண்காட்சியும் வைத்தார். அவர் படங்களின் கீழே மனிதரின் பெயர் இருக்கும். இதன் அருமை எளிதன்று. 1993 முதல் மலக்குழியில் இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகை முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆணை வந்தாலும், இறந்தவர் இன்னார், இன்ன இடத்தில் இறந்தார் என்று மெய்ப்பித்தால்தானே பணம் வரும்?

இம்மலரில் குடிசைப் படங்கள் வேண்டா, பட்டம் பெற்றோர் படங்களே போதும் என நம் இளைஞர் சிலர் கருதினர். அவர்தம் மனவுணர்வு நமக்கு விளங்காமலில்லை. பிறர் நம்மை இரக்கப் பொருளாகவே காட்டிய காலம் நெடியது. எனினும் அதற்காக மறைத்தால், தாது வருடத்தவருக்கு நேர்ந்த கதியே நம் தாய்மாருக்கும் நேரும். நம் வீடுகளில் இருப்பனவோ சொற்பம். 1993க்குப் பின் வாக்காளர் அட்டைக்காகத்தான் பல பாட்டிமார் முதன்முதலாகப் படக்கருவியின் முன் அமர்ந்தனர். அவர்கள் மறைந்ததும் அச்சிறு முகத்தையே பெரிதாக்கி மாலையிட்டோம். தோல் ஷாப்பில் ஊறல் தொட்டியருகே நின்ற தகப்பனாருக்கோ, களத்துமேட்டில் நின்ற தாயாருக்கோ பெரும்பாலும் படமே இல்லை.

இளைஞர்களே, உங்கள் பெட்டியிலும் பரணிலும் இருப்பதைச் சங்கத்திற்குக் கொணருங்கள். கைப்பேசியில் நகலெடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தருவோம். படத்தில் உள்ளோர் பெயர், ஊர், செய்த வேலை, எடுத்த ஆண்டு ஆகியவற்றை, வீட்டிலுள்ள மூத்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பின்புறத்தில் எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.