கிள்ளான் காய்ச்சலும் ஊர் காத்த வடிகாலும்
(ஒரு வரலாற்றுப் பார்வை)

அன்னை மாரியம்மனுக்கு ஓர் ஆலயம் இல்லாத பழைய தோட்டத்தை இந்நாட்டில் காண்பது அரிது. கடல் கடந்து வந்த நம் முன்னோர், காட்டை வெட்டி லயன் வீடுகளில் குடியேறிய கையோடு, ஒரு மரத்தடியில் சூலத்தை நட்டு அன்னையை வணங்கத் தொடங்கினர். அதனைப் பக்தி என்ற ஒரு சொல்லால் மட்டும் விளக்கிவிட இயலாது. அம்மையும் கழிச்சலும் காய்ச்சலும் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் துன்பமல்ல, ஊருக்கே வரும் துன்பம் என்ற தெளிவு அவ்வழிபாட்டில் அடங்கியிருந்தது. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழையாமையும், காப்புக் கட்டிய பின் ஊர் எல்லை தாண்டாமையும், ஊர் கூடிக் கூழ் ஊற்றுதலும் அத்தெளிவின் வெளிப்பாடுகளே. பொதுவான இடரைப் பொதுவாகவே எதிர்கொள்ள வேண்டும் என்னும் அதே பாடத்தை மலாயா அரசாங்கமும் தோட்ட முதலாளிகளும் பெரும் உயிரிழப்புக்குப் பின்னரே கற்றனர்.

துறைமுகமும் காய்ச்சலும்

1901ஆம் ஆண்டு கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றிருப்பது இதுவே. சதுப்பு நிலத்தில் எழுந்த அத்துறைமுகத்தில் சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் பரவியது. அதிகாரிகளும் தொழிலாளர்களும் வேறுபாடின்றிப் படுக்கையில் வீழ்ந்தனர். கிள்ளான் நகரிலும் அதே நிலை. நகரிலும் துறைமுகத்திலுமாக அவ்வாண்டு இறந்தோர் 582 பேர்.

அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றை, நான்கு ஆண்டுகளுக்கு முன், 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்திருந்தார். அந்த அறிவைக் கொண்டு என்ன செய்வது என்பதே வாட்சன் முன் நின்ற கேள்வி. ஒவ்வொருவருக்கும் கொயினா மருந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒருவர் உண்ட மருந்து அடுத்த வீட்டாரைக் காப்பதில்லை. சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை அகற்றினாலோ, பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி ஊர் முழுவதும் காக்கப்படும். அதற்கு ஆகும் செலவு தனி மனிதரால் இயலாதது. அரசாங்கமே ஏற்க வேண்டியது. வாட்சன் இரண்டாம் வழியை வற்புறுத்தினார், அரசாங்கமும் இசைந்தது. வடிகால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன, துறைமுகத்தைச் சுற்றிக் கரை எழுப்பப்பட்டது. 1902இல் இறந்தோர் தொகை 144ஆகக் குறைந்தது.

மலைத் தோட்டங்கள் தந்த பாடம்

கிள்ளானில் கிடைத்த வெற்றியை எல்லா இடத்துக்கும் பொதுவாக்க முற்பட்டபோதுதான் துயரம் நேர்ந்தது. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கும் நீரில் வளர்வது. காட்டை அழித்தால் அதுவும் அழியும். குன்றுப் பகுதியில் நோய் பரப்பிய கொசுவோ வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளர்வது. ரப்பர் நடுவதற்காகக் குன்றுகளில் காட்டை அழித்தபோது, நிழலில் ஓடிய ஊற்றுகள் வெயிலுக்கு வந்தன, கொசுவும் பெருகியது. ஒரு நிலத்தில் உயிர் காத்த செயலே மற்றொரு நிலத்தில் உயிர் குடித்தது. புதிதாகத் திறக்கப்பட்ட குன்றுத் தோட்டங்களில் நம் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக மாண்டதன் பெருங்காரணம் இதுவாகும்.

இதனை உணர்ந்த வாட்சன், ஒவ்வோர் இடத்திலும் எந்தக் கொசு நோயைப் பரப்புகிறது என்று முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ற வழியைக் கையாள வேண்டும் என வகுத்தார். குன்றுகளில் ஊற்று நீர் மண்ணுக்கடியில் பதித்த குழாய்களுக்குள் செலுத்தப்பட்டது. ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. 1911இல் மலேரியா ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது.

கொசுவுக்குத் தோட்ட எல்லை தெரியாது. ஒரு முதலாளி வடிகால் வெட்டி, அடுத்தவர் வெட்டாது விட்டால் இருவர் தொழிலாளரும் நோயுறுவர். தனித்து மருத்துவமனை நடத்த இயலாத தோட்டங்கள் பல ஒன்றுசேர்ந்து ஒரே மருத்துவமனையை நடத்தின. இவற்றுக்கெல்லாம் பின்னணியில் கருணை மட்டும் இருந்ததென்று எண்ணிவிடலாகாது. தொழிலாளி மாண்டால் தொழில் நிற்கும் என்ற கணக்கும் இருந்தது. எந்த எண்ணத்தால் செய்திருப்பினும், பயன் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கிட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வடிகால்களை வெட்டிய கைகளுள் நம் முன்னோரின் கைகளும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

இன்றைய கடமை

மலேசியா 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. எனினும் குரங்குகளிடமிருந்து வரும் மற்றொரு வகை இன்னும் தொடர்கிறது. டெங்கிக் காய்ச்சலோ இரு நாடுகளையும் விட்டபாடில்லை. அதனைப் பரப்பும் கொசு சதுப்பு நிலத்தைத் தேடிச் செல்வதில்லை. வீட்டு வாசலில், பூச்சாடித் தட்டில், ஒரு கைப்பிடி நீரிலேயே வளர்ந்துவிடும். ஆகவே, அரசாங்கம் வெட்டும் வடிகாலோடு இப்பணி முடிந்துவிடுவதில்லை.

நேர்த்திக்கடனாக உடைக்கும் தேங்காயின் ஓடு மழைநீரை ஏந்திக் கிடந்தாலும் போதும், அங்கே கொசு முட்டையிடும். திருவிழா முடிந்த மறுநாள், தேங்காய் ஓடுகளை அகற்றுவதும், பந்தல் துணியின் மடிப்பில் தேங்கிய நீரை வடிப்பதும், ஆலயக் கால்வாயைத் துப்புரவு செய்வதும் தொண்டர் சிலரின் வேலை என்று ஒதுங்காமல், மெய்யன்பர் அனைவரும் அதனை அன்னையின் திருப்பணியாகவே ஏற்றல் வேண்டும். நோயினின்று ஊரைக் காக்குமாறு வேண்டி அன்னைக்குக் கூழ் ஊற்றிய முன்னோரின் வழி வந்த நமக்கு இது புதிய கடமையன்று.

அன்னையின் அருளால் ஊரும் உலகும் நலம் பெறுக!